நியூசிலாந்து நிலச் சூழல் வகைப்பாடு: காடே இல்லாத மேய்ச்சல் நிலம் வரைபடத்தில் ஏன் சிவப்பாக இருக்கிறது?

கூழாங்கல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நியூசிலாந்தின் தென் தீவில், கேன்டர்பரி சமவெளியில் இயங்கும் ஒரு நீர்ப்பிடிப்புப் பகுதிக் குழுவில் தன்னார்வலராக இருக்கிறேன். அண்மைக் கூட்டம் ஒன்றில், எங்கள் பகுதிப் பண்ணைகளின் மீது அச்சுறுத்தலுக்குள்ளான சூழல்களின் வரைபடத்தைப் பொருத்திக் காட்டினார்கள். ஆற்றங்கரை மேட்டில் கற்கள் நிறைந்த ஒரு மேய்ச்சல் நிலம் முழுவதும் 'கடும் அச்சுறுத்தல்' என்ற பிரிவில் சிவப்பாக இருந்தது. அந்த நிலத்தின் உரிமையாளர், "இங்கே கல்லும் புல்லும் நாலு கானுகாப் புதரும் தவிர வேறென்ன இருக்கிறது? எது அச்சுறுத்தலில் இருக்கிறது?" என்று கேட்டார். அங்கிருந்த யாராலும் அவருக்குத் தெளிவாகப் பதில் சொல்ல முடியவில்லை.

மலைப்பகுதியில் அடர்ந்த பீச் மரக் காடுகள் பச்சை நிறத்தில், அதாவது கவலை குறைந்த பிரிவில் இருக்கின்றன. மரமே இல்லாத சமவெளி சிவப்பில் இருக்கிறது. இந்தத் தலைகீழான தோற்றத்தின் அடிப்படை என்ன, இதை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதை இத்துறையை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன். அடுத்த கூட்டத்தில் அவருக்கு நேர்மையான பதிலைச் சொல்ல விரும்புகிறேன்.

மலைச்சரிவு எழுதியது:

கூழாங்கல் அவர்களுக்கு வணக்கம். நீங்கள் பார்த்த வரைபடம் இன்று அங்கே என்ன வளர்கிறது என்பதிலிருந்து தொடங்குவதில்லை. மனிதர் கை வைக்காமல் இருந்திருந்தால் அந்த இடம் எத்தகைய உயிர்களைத் தாங்கியிருக்கும் என்பதற்கான சூழல் காரணிகளிலிருந்து தொடங்குகிறது. நில உரிமையாளரின் கேள்விக்கான பதில் இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

அடியில் இருப்பது 'நியூசிலாந்து நிலச் சூழல்கள்' என்ற வகைப்பாடு. லேண்ட்கேர் ரிசர்ச் நிறுவனமும் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் அமைச்சகமும் சேர்ந்து 2003இல் அதை வெளியிட்டன. ஜான் லெத்விக் தலைமையிலான குழு உருவாக்கியது. நாடு முழுவதையும் 25 மீட்டர் பக்கமுள்ள கட்டங்களாகப் பிரித்தார்கள். ஏறத்தாழ 2,68,000 சதுர கிலோமீட்டர் பரப்புக்கு இது 40 கோடிக்கும் அதிகமான கட்டங்கள் ஆகும். ஒவ்வொரு கட்டத்துக்கும் 15 காரணிகளின் மதிப்பு கணிக்கப்பட்டது. அவற்றில் ஏழு தட்பவெப்பம் சார்ந்தவை: ஆண்டுச் சராசரி வெப்பநிலை, மிகக் குளிரான மாதத்தின் குறைந்தபட்ச வெப்பநிலை, ஆண்டு முழுவதற்குமான சூரியக் கதிர்வீச்சு, குளிர்காலக் கதிர்வீச்சு, அக்டோபர் மாதக் காற்றின் உலர்த்தும் திறன், ஆண்டு நீர்ப் பற்றாக்குறை, மழைக்கும் ஆவியாதலுக்கும் உள்ள மாத விகிதம். நில அமைப்பைக் குறிக்க ஒன்றே ஒன்று, சரிவு. மீதி ஏழும் மண்ணையும் அதன் தாய்ப்பாறையையும் சார்ந்தவை: வடிகால், பாஸ்பரஸ், கால்சியம், பாறையின் கடினம், துகள் அளவு, மண்ணின் வயது, உப்பு போன்ற வேதித் தடைகள்.

இந்தப் பதினைந்தும் கைக்குக் கிடைத்த தரவுகளிலிருந்து அப்படியே எடுக்கப்பட்டவை அல்ல. அந்நாட்டு மர இனங்களின் பரவலோடு தொடர்புடையவை என்று காட்டு ஆய்வுகளில் தெரிந்த காரணிகளே தேர்ந்தெடுக்கப்பட்டன. அக்டோபரைப் பாருங்கள். அது அங்கே வசந்தகாலம். மேற்குக் காற்று ஓங்கி வீசும் பருவம். தெற்கு ஆல்ப்ஸ் மலைத்தொடரின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு இறங்கும் காற்று, கேன்டர்பரியில் சூடாகவும் வறண்டும் வீசுகிறது. இந்த மேற்கு-கிழக்கு வேற்றுமையை ஆண்டுச் சராசரி காட்டுவதைவிட அக்டோபர் மதிப்பு நன்றாகக் காட்டும். பாஸ்பரஸையும் அப்படித்தான் கவனமாகக் கையாண்டார்கள். இன்று வயலில் இருக்கும் பாஸ்பரஸ் உரத்தால் வந்தது. ஆகவே அவர்கள் தாய்ப்பாறையிலிருந்து கிடைக்கக்கூடிய இயற்கை வளத்தையே மதிப்பிட்டார்கள்.

பிறகு, இந்தப் பதினைந்து காரணிகளிலும் ஒன்றுக்கொன்று நெருங்கிய கட்டங்களைக் கணினி ஒரே கொத்தாகச் சேர்த்தது. அந்தக் கொத்துகளையும் படிப்படியாக இணைத்து நான்கு நிலைகளில் தந்தது. முதல் நிலையில் 20 சூழல்கள், இரண்டாவதில் 100, மூன்றாவதில் 200, நான்காவதில் 500. முதல் நிலையின் இருபதுக்கும் ஆங்கில எழுத்துகளே பெயர். உங்கள் சமவெளி 'என்' (N) எனப்படும் தென் தீவின் கிழக்குச் சமவெளிகள். அதன் உட்பிரிவுகள் என்3, என்3.1, என்3.1ஏ என்று இறங்கும். அருகருகே இல்லாத இரண்டு இடங்களும் ஒரே சூழலாக இருக்கலாம் என்பதைக் கவனியுங்கள். இது வட்டார எல்லை வரைபடம் அல்ல.

இப்போது சிவப்புக்கு வருவோம். 2007இல் சூசன் வாக்கரும் உடன் பணியாற்றியவர்களும் இந்த நான்காம் நிலையின் 500 சூழல்களை எடுத்து, செயற்கைக்கோள் படங்களிலிருந்து உருவான நிலப்போர்வைத் தரவுத்தளத்தையும், சட்டப் பாதுகாப்பில் உள்ள நிலங்களின் வரைபடத்தையும் அதன் மீது பொருத்தினார்கள். ஒரு சூழலில் தாயகத் தாவரப் போர்வை, அதாவது அந்நாட்டுக்கே உரிய தாவரங்கள் மூடிய பரப்பு, 10 சதவீதத்துக்கும் குறைவாக எஞ்சியிருந்தால் அது கடும் அச்சுறுத்தல்; 10 முதல் 20 என்றால் நீடித்த அச்சுறுத்தல்; 20 முதல் 30 என்றால் ஆபத்து நிலை. 30க்கு மேல் எஞ்சியிருந்தால், அதில் எவ்வளவு சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது என்பதை வைத்து மேலும் மூன்று பிரிவுகள்.

ஆகவே மலையில் உள்ள பீச் காடு பச்சையாக இருப்பதற்குக் காரணம், அத்தகைய சூழலில் பெரும்பகுதி இன்னும் காடாகவும் தேசியப் பூங்காவாகவும் இருப்பதே. உங்கள் கற்கள் நிறைந்த மேடு சிவப்பாக இருப்பதற்குக் காரணம், அதைப் போன்ற சூழல் நாடு முழுவதிலும் ஏறக்குறைய முற்றிலும் உழவுக்கும் மேய்ச்சலுக்கும் போய்விட்டது என்பதே. கானுகா அந்நாட்டுக்கே உரிய புதர்; அந்த நாலும் மிச்சத்தின் ஒரு பகுதி.

உழவன்மகன் எழுதியது:

விளக்கத்துக்கு நன்றி, ஐயா. நான் பால் பண்ணைத் தொழிலில் இருப்பவன். நில உரிமையாளரின் பக்கத்திலிருந்து கேட்கிறேன். கணினி 500 கொத்துகளாகப் பிரித்தது என்கிறீர்கள். ஏன் 500? ஏன் 20 இல்லை? இருபதாகப் பிரித்தால் எங்கள் நிலம் இன்னும் பெரிய ஒரு சூழலுக்குள் அடங்கி, ஒருவேளை சிவப்பிலிருந்து விலகிவிடும். நிறத்தைத் தீர்மானிப்பது நிலமா, பிரிப்பவர் தேர்ந்தெடுத்த எண்ணிக்கையா? ஒரு குடும்பத்தின் நிலத்தின் மேல் கட்டுப்பாடு வரக்கூடிய இடத்தில் இந்தக் கேள்விக்கு நேரான பதில் வேண்டும்.

மலைச்சரிவு எழுதியது:

மிகச் சரியான கேள்வி. எண்ணிக்கை முடிவை மாற்றும். இதை மறைக்காமல் சொல்லிவிட்டுத்தான் மேலே பேச வேண்டும்.

கற்பனையாக ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். 1,000 ஹெக்டேர் கொண்ட ஒரு சூழலில் 800 ஹெக்டேர் குன்றுச் சரிவு, 200 ஹெக்டேர் அடிவாரத் தட்டை நிலம். சரிவில் 60 சதவீதம், அதாவது 480 ஹெக்டேர் தாயகத் தாவரம் எஞ்சியிருக்கிறது. தட்டை நிலத்தில் 3 சதவீதம், அதாவது 6 ஹெக்டேர் மட்டும். இரண்டையும் ஒரே சூழலாகக் கணக்கிட்டால் 486 ஹெக்டேர், 48.6 சதவீதம், எந்தக் கவலையும் இல்லை. பிரித்துக் கணக்கிட்டால் சரிவு நன்றாக இருக்கிறது, தட்டை நிலம் அழிவின் விளிம்பில் இருக்கிறது. களத்தில் எதுவுமே மாறவில்லை. முதல் கணக்கில் அந்த 6 ஹெக்டேரை உழுதாலும் சராசரி 48 சதவீதமாகவே இருக்கும். ஒரு வகை வாழிடம் முழுவதுமாக மறைந்ததை அந்தக் கணக்கு பதிவே செய்யாது.

நியூசிலாந்தில் இது கற்பனையோடு நிற்கவில்லை. நாட்டின் நிலத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது. உலக அளவில் இது பெரிய பங்குதான். ஆனால் அதன் பெரும்பகுதி மலைகளிலும் மழை மிகுந்த மேற்கிலும் இருக்கிறது. உழவுக்கு உதவாத நிலமே பாதுகாப்புக்கு ஒதுக்கப்பட்டது. தாழ்நிலங்களிலும் கிழக்கின் வறண்ட பகுதிகளிலும் மிஞ்சியவை சிறு சிறு துண்டுகள். கிறைஸ்ட்சர்ச் நகருக்குள் இருக்கும் ரிக்கர்டன் புஷ் என்ற பழங்காடு 8 ஹெக்டேர் கூட இல்லை. கேன்டர்பரிச் சமவெளியின் வெள்ளப்படுகையில் ஒரு காலத்தில் பரந்திருந்த கஹிகாட்டியா மரக் காட்டில் அங்கே மிஞ்சியது அது ஒன்றே. அதைக் காக்க 1914இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. இந்த நாட்டில் சராசரியைப் பார்த்து அமைதியடைவது மலைகளைப் பார்த்துச் சமவெளியை மறப்பதாகும்.

500 என்ற எண்ணுக்கு இயற்கையில் தனியிடம் எதுவும் இல்லை. ஆனால் ஒரே தரவு, ஒரே முறை, ஒரே எண்ணிக்கை நாடு முழுமைக்கும் பயன்படுத்தப்பட்டிருக்கிறது. உங்கள் பண்ணையையும் வடக்கே ஒரு பண்ணையையும் ஒரே அளவுகோலால் அளக்க முடிகிறது. மாவட்டத்துக்கு மாவட்டம் அதிகாரியின் விருப்பப்படி எல்லை வரைவதைவிட இது நில உரிமையாளருக்கும் நியாயமானது என்றே கருதுகிறேன்.

உழவன்மகன் எழுதியது:

கணக்கு புரிகிறது. ஆனால் அதே தர்க்கத்தைத் தொடர்ந்தால், 500ஐ 5,000 ஆக்கினால் இன்னும் பல மறைந்த அழிவுகள் வெளிப்படும் என்று ஒருவர் சொல்லலாமே. எங்கே நிறுத்துவது? நிறுத்தும் இடத்துக்கு ஒரு காரணம் இருக்க வேண்டும் அல்லவா?

தாழ்நிலம் எழுதியது:

நான் தாவரவியல் பின்னணி உள்ளவள். தென் தீவில் களப்பணி செய்திருக்கிறேன். நிறுத்தும் இடத்துக்குக் காரணம் உள்ளீட்டுத் தரவுகளில் இருக்கிறது, சகோதரரே. தட்பவெப்ப மதிப்புகள் வானிலை நிலையங்களின் பழைய நீண்டகாலச் சராசரிகளிலிருந்து, இடைப்பட்ட இடங்களுக்குக் கணித முறையில் நீட்டிக்கப்பட்டவை. மண் தரவுகள் நிலவளக் கணக்கெடுப்பின் வரைபடங்களிலிருந்து வந்தவை. அவற்றில் ஒரு மண் எல்லைக்குள் பல வகை மண் கலந்திருக்கும், எல்லைக்கோடும் கையால் வரையப்பட்டது. கட்டம் 25 மீட்டர் என்பதால் தகவலும் 25 மீட்டர் துல்லியம் உடையது என்று எண்ணிவிடக் கூடாது. சரிவுக்கு வேண்டுமானால் அந்தத் துல்லியத்தை ஓரளவு நம்பலாம். மண்ணுக்கு நம்ப முடியாது. மேலும் மேலும் பிரித்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்துக்குப் பிறகு நாம் பிரிப்பது நிலத்தை அல்ல, வரைபடத்தின் பிழைகளை.

இதனால்தான் வேலிக்கம்பத்துக்கு வேலிக்கம்பம் இந்த நிறத்தை வைத்து வாதாடுவதை நான் ஏற்பதில்லை. எங்கே தேட வேண்டும், எதற்கு முன்னுரிமை தர வேண்டும் என்பதற்கு இது சிறந்த கருவி. ஒரு குறிப்பிட்ட வயலில் என்ன இருக்கிறது என்பதற்கு அந்த வயலில் போய்த்தான் பார்க்க வேண்டும்.

மலைச்சரிவு ஐயா தொடாத வேறு இரண்டு குறைகளையும் சொல்ல வேண்டும்.

முதலாவது, இந்த வகைப்பாட்டுக்கு வரலாறு தெரியாது. தென் தீவின் மேற்குக் கரையில், வெஸ்ட்லாந்தின் நடுப்பகுதியில், பீச் மரமே இல்லாத ஒரு நீண்ட இடைவெளி இருக்கிறது. அதன் வடக்கிலும் தெற்கிலும் பீச் காடுகள் உண்டு. நடுவில் மட்டும் ரிமு, காமாஹி, ராட்டா போன்ற மரங்கள் நிற்கின்றன. மழையோ மண்ணோ பீச்சைத் தடுக்கவில்லை. பனியுகத்தில் பனியாறுகள் துடைத்தெடுத்த அந்த நிலத்துக்கு, மெதுவாகப் பரவும் பீச் இன்னும் திரும்பி வந்து சேரவில்லை என்பதே பரவலாக ஏற்கப்படும் விளக்கம். தெற்கே ஸ்டூவர்ட் தீவிலும் பீச் இல்லை. ஆனால் இந்த வகைப்பாட்டில் மேற்குத் தென் தீவின் அடிவாரங்களும் ஸ்டூவர்ட் தீவும் 'ஓ' என்ற ஒரே முதல்நிலைச் சூழலின் பெயரில் அடங்குகின்றன. சூழல் ஒத்திருக்கலாம், அங்கே வாழும் காடு ஒத்திருக்க வேண்டியதில்லை. பறவைகள், பூச்சிகள், நத்தைகள் விஷயத்தில் இந்த வேறுபாடு இன்னும் கூடும். இதனாலேயே 1980களில் வரையப்பட்ட 268 சூழலியல் மாவட்டங்களை இன்றும் யாரும் தூக்கி எறியவில்லை. அவை வல்லுநர்களின் கண்ணால் வரையப்பட்டவை, எல்லைகளைக் கேள்வி கேட்கலாம். ஆனால் இடத்தின் தனித்தன்மையும் வரலாறும் அவற்றில் இருக்கின்றன.

இரண்டாவது, மிகச் சிறிய வாழிடங்கள். தென் தீவின் மத்திய ஒடாகோ பகுதியில் உப்புப் பூத்த திட்டுகள் உண்டு. சில மீட்டர் அகலமே இருக்கும். முழங்கால் மண்டியிட்டுக் குனிந்து பார்த்தால், வெண்மையாகப் பொருக்குத் தட்டிய களிமண்ணில், தரையோடு ஒட்டிய ஒரு சிறு கடுகினச் செடி, கிர்க்கின் லெப்பிடியம், தெரியும். நின்றபடி பார்த்தால் வெறும் மண் என்றே தோன்றும். உலகில் வேறெங்கும் அது வளர்வதில்லை. எந்த மண் வரைபடமும் அந்தத் திட்டைப் பிரித்துக் காட்டாது. இத்தகைய இடங்களுக்காகவே 2007இல் ஒரு தனிப் பட்டியல் வெளிவந்தது: மனிதர் வருவதற்கு முன்பே நாட்டின் பரப்பில் 0.5 சதவீதத்துக்கும் குறைவாக இருந்த 72 வகை வாழிடங்கள். சுண்ணாம்புப் பாறைகள், புவிவெப்ப நிலங்கள், கடற்பறவைக் குடியிருப்புகள், உப்புத் திட்டுகள் எல்லாம் அதில் உண்டு. 2012இல் மதிப்பிட்டபோது 72இல் 45 அச்சுறுத்தலில் இருப்பதாகத் தெரிந்தது. அவற்றில் 18 மிக மோசமான நிலையில் இருந்தன.

நிலச் சூழல் வகைப்பாடு அகன்ற வலை. இந்தச் சிறு மீன்கள் அதன் கண்ணி வழியே நழுவிவிடும் என்பதை அறிந்தே அதைப் பயன்படுத்த வேண்டும்.

நீலகிரியான் எழுதியது:

மிகவும் பயனுள்ள இழை. இந்தியாவில் நாம் இன்றும் பெரும்பாலும் நம்பியிருப்பது சாம்பியனும் சேத்தும் 1968இல் திருத்தி வெளியிட்ட காட்டு வகைப்பாட்டையே. அது மழையளவையும் வெப்பத்தையும் கணக்கில் எடுத்தாலும், அதன் பார்வை முழுவதும் காடு சார்ந்தது. காடல்லாத இயற்கை நிலங்கள், குறிப்பாக வறண்ட புல்வெளிகள், தரிசு நில வரைபடங்களில் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. பிறகு மரம் நடவும் சூரிய மின் பூங்கா அமைக்கவும் ஏற்ற 'வெற்று' இடங்களாகக் கருதப்படுகின்றன. நீலகிரியின் உயர்மலைப் புல்வெளிகளில் சீகை மரமும் தைலமரமும் நடப்பட்டதற்கும் இதே பார்வைதான் காரணம். மரம் இருக்கிறதா என்று பார்க்காமல், சூழல் அரிதானதா என்று பார்க்கும் நியூசிலாந்து முறை நமக்கும் பொருந்துமா என்று அறிய விரும்புகிறேன்.

நெறியாளர்:

நீலகிரியான் அவர்களின் கேள்வி தனி விவாதத்துக்கு உரியது. தமிழ்நாடு, இந்தியா குறித்துப் புதிய இழை ஒன்றைத் தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறோம். இங்கே நியூசிலாந்து வகைப்பாடு பற்றிய உரையாடல் தொடரட்டும்.

கூழாங்கல் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இன்னும் இரண்டு ஐயங்கள் எஞ்சியுள்ளன. அந்தப் பிரிவுகளில் வரும் 20 சதவீதம் என்ற எல்லைக்கு அறிவியல் அடிப்படை உண்டா? மேலும், இந்த வகைப்பாட்டுக்குச் சட்டத்தில் உண்மையில் என்ன இடம் இருக்கிறது? கூட்டத்தில் ஒருவர் இது வெறும் ஆய்வுக் கருவி என்றார். இன்னொருவர் இதை வைத்தே நிலத்தை முடக்கிவிடுவார்கள் என்றார்.

மலைச்சரிவு எழுதியது:

முதல் கேள்விக்கு: வாழிடப் பரப்பு குறையக் குறைய அதில் நிலைத்திருக்கக்கூடிய இனங்களின் எண்ணிக்கையும் குறையும். ஆனால் இரண்டும் ஒரே வேகத்தில் குறைவதில்லை. சூழலியலில் நெடுங்காலமாகப் பயன்படும் பரப்பு-இனத் தொடர்பில் (இனங்களின் எண்ணிக்கை பரப்பின் ஓர் அடுக்காக மாறும் என்பது), அடுக்குக்குறி 0.25 என்று வைத்துக் கணக்கிட்டுப் பாருங்கள். பரப்பு பாதியானால் இனங்களில் சுமார் 16 சதவீதம் இழக்கப்படும். 20 சதவீதப் பரப்பே எஞ்சினால் 33 சதவீத இனங்கள் போகும். 10 சதவீதமானால் 44. 5 சதவீதமானால் 53. தொடக்கத்தில் பாதி நிலத்தை இழந்தபோது போன இனங்கள் 16 சதவீதம். இறுதியில் 10லிருந்து 5க்கு இறங்கும்போது, மொத்தத்தில் வெறும் 5 சதவீதப் பரப்பை இழப்பதற்கே 9 சதவீத இனங்கள் போகின்றன. வளைகோடு 20 சதவீதத்துக்குக் கீழே செங்குத்தாக விழத் தொடங்குகிறது. துல்லியமாக 20ஆம் புள்ளியில் எதுவும் நிகழ்வதில்லை. கொள்கைக்கு ஒரு கோடு வேண்டும், அந்தக் கோட்டைச் சரிவு கடுமையாகும் பகுதியில் போட்டிருக்கிறார்கள். மிஞ்சிய ஒவ்வொரு ஹெக்டேருக்கும் மதிப்பு ஏறிக்கொண்டே போகிறது என்பதே உங்கள் நில உரிமையாளரிடம் சொல்ல வேண்டிய செய்தி. அவருடைய நாலு புதர்கள் மலையில் நாலு புதர்களுக்குச் சமமல்ல.

இரண்டாவது கேள்விக்கு: 2007இல் அரசு, தனியார் நிலங்களில் பல்லுயிர் காப்பதற்கு நான்கு தேசிய முன்னுரிமைகளை அறிவித்தது. முதலாவதே, தாயகப் போர்வை 20 சதவீதம் அல்லது அதற்கும் குறைவாக எஞ்சியுள்ள நிலச் சூழல்களின் தாவரங்களைக் காப்பது. அடுத்தவை மணற்குன்றுகளும் ஈரநிலங்களும், பின்பு இயல்பிலேயே அரிதான வாழிடங்கள், பின்பு அச்சுறுத்தலுக்குள்ளான இனங்களின் வாழிடங்கள். ஆக, தாழ்நிலம் அவர்கள் சொன்ன சிறு வாழிடங்களுக்கு அப்போதே தனியிடம் தரப்பட்டது. ஆனால் அது வழிகாட்டும் அறிக்கை. நேரடியாகக் கட்டுப்படுத்தும் சட்டம் அல்ல.

2023 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த தாயகப் பல்லுயிர்த் தேசியக் கொள்கை அறிக்கை வலுவானது. முக்கிய இயற்கைப் பகுதிகளை மாவட்ட மன்றங்கள் அடையாளம் காண வேண்டும் என்றது. அதற்கான அரிதுத்தன்மை அளவுகோலில், மனித வருகைக்கு முந்தைய பரப்பில் 20 சதவீதமோ அதற்கும் குறைவாகவோ எஞ்சிய தாவரங்களைக் கணிக்கும்போது, சூழலியல் மாவட்டம், வட்டாரம் ஆகியவற்றோடு நிலச் சூழலும் ஓர் அடிப்படை அலகாக இடம்பெற்றது. ஆனால் 2024 அக்டோபரில் வந்த சட்டத் திருத்தம், புதிய முக்கிய இயற்கைப் பகுதிகளை அடையாளம் காணும் கடமையை மூன்றாண்டுகளுக்கு நிறுத்தி வைத்தது. ஆகவே கூட்டத்தில் பேசிய இருவருமே பாதி சரி. நிறத்தை வைத்து மட்டும் எந்த நிலமும் முடக்கப்படுவதில்லை. அதே வேளையில், அந்த நிறத்துக்குப் பின்னால் உள்ள கணக்கு சட்ட அளவுகோலுக்குள் நுழைந்துவிட்டது.

என் கருத்தை வெளிப்படையாகச் சொல்கிறேன்: கடமையை நிறுத்தி வைப்பதால் இழப்பு நிற்காது. மூன்றாண்டு கழித்து மீண்டும் கணக்கெடுக்கும்போது, அடையாளம் காண வேண்டிய துண்டுகளில் சில இருக்காது.

தாழ்நிலம் எழுதியது:

தென் தீவின் உட்பகுதியில் உள்ள மெக்கென்சி படுகையை எண்ணியபடியே மேலுள்ள பதிவைப் படித்தேன். பனியாறுகள் விட்டுச்சென்ற கற்குவியல்களும் பரந்த சரளைத் தளங்களும் கொண்ட உயர்நிலப் படுகை அது. அரசுக் குத்தகையில் இருந்த உயர்நாட்டு நிலங்களைப் பிரித்துக்கொள்ள 1998இல் ஒரு சட்டம் வந்தது. அந்த முறையின்படி நிலத்தின் ஒரு பகுதி பாதுகாப்புக்குப் போகும். மீதி முழு உரிமையோடு குத்தகைதாரருக்குப் போகும். மொத்தத்தில் நிகழ்ந்தது என்னவென்றால், மேலே உள்ள மலைச்சரிவுகள் பாதுகாப்புக்கும், கீழே உள்ள தட்டை நிலங்கள் தனியாருக்கும் போயின. மிகக் குறைவாக எஞ்சியிருந்த சூழல்கள் எல்லாம் கீழேதான் இருந்தன. நிலச் சூழல் வகைப்பாடு வந்தபிறகு இந்தப் பங்கீட்டின் விளைவை எண்ணிக்கையாகக் காட்ட முடிந்தது. அதற்கு முன் "மலையில் நிறையப் பாதுகாத்திருக்கிறோம்" என்ற பதிலுக்கு எதிர்ப்பதில் சொல்வது கடினமாக இருந்தது. அந்த நிலப்பிரிப்பு முறை 2022இல் முடிவுக்கு வந்தது. அதற்குள் நீர்ப்பாசனம் வந்து, பழுப்புநிறப் படுகையில், சுழலும் பாசனக் கைகள் நீர் தெளித்த இடங்களில், பச்சை வட்டங்கள் தோன்றிவிட்டன.

அந்தச் சரளைத் தளத்தில் ஒரு வெட்டுக்கிளி வாழ்கிறது. பறக்க முடியாதது. சாம்பல் நிறத்தில், கற்களிடையே கல்லாகவே கிடக்கும். பெண் பூச்சி ஆணைவிட மிகப் பெரியது. மெக்கென்சி படுகையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. பச்சைப் புல் வந்த இடத்தில் அது வாழ முடியாது.

கூழாங்கல் அவர்களே, உங்கள் மேட்டுக்கு இது நேரடியாகப் பொருந்தும். நிலப்போர்வைத் தரவுத்தளம் செயற்கைக்கோள் படத்திலிருந்து வருவது. உயரமான காட்டை அது நன்றாக அறியும். தரையோடு படர்ந்த வறள்நிலத் தாவரங்களைத் தரம் குறைந்த மேய்ச்சல் நிலம் என்றே பெரும்பாலும் பதிவு செய்யும். ஆகவே சிவப்புச் சூழலுக்குள் 'தாயகப் போர்வை இல்லை' என்று காட்டப்படும் இடத்திலும் தாயகத் தாவரங்கள் இருக்கலாம். உங்கள் குழுவினர் சென்று பார்க்கும்போது நின்று பார்க்க வேண்டாம், மண்டியிட்டுப் பாருங்கள். சாம்பல் பூத்த பாய்போல் கற்களை மூடியிருக்கும் ராவுலியா, கம்பிபோன்ற தண்டுகளோடு படரும் போஹுயேஹுயே, முள்ளடர்ந்த மட்டகவுரி, இலையே இல்லாததுபோல் தோன்றும் தாயகப் புரூம் செடி, கற்களின் மீது பாசிக்காளான் (லைக்கன்) திட்டுகள் ஆகியவை இருக்கின்றனவா என்று குறித்துக்கொள்ளுங்கள். கானுகாவின் அடியில் மண்ணைக் கிளறாமல் பாசியையும் பாருங்கள். ஒருபோதும் உழப்படாத நிலமா என்பதும் முக்கியம். பழைய ஆற்றுக் கால்வாய்களின் மேடு பள்ளங்கள் இன்னும் தெரிந்தால் பெரும்பாலும் உழப்படவில்லை என்று கொள்ளலாம்.

உழவன்மகன் எழுதியது:

இந்தப் பதில்களுக்குப் பிறகு நான் அந்த உரிமையாளரின் இடத்தில் இருந்தால் கேட்கக்கூடியது ஒன்றுதான்: சரி, மிச்சம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம், நான் என்ன செய்ய வேண்டும்? ஆட்டை வெளியேற்றி, சுற்றி வேலி போட்டுவிட்டால் போதுமா? அது அவரால் முடியக்கூடியது.

தாழ்நிலம் எழுதியது:

ஈரமான காட்டுத் துண்டாக இருந்தால், ஆம், வேலிதான் முதல் வேலை. மாடு உள்ளே போகாமல் இருந்தாலே கன்றுகள் எழும்பும். வறண்ட சரளை மேட்டில் அப்படி உடனே செய்துவிட வேண்டாம். ஆடுகளை முழுவதும் நிறுத்தினால், ஐரோப்பாவிலிருந்து வந்த காக்ஸ்ஃபுட், பிரவுன்டாப் போன்ற புற்கள் ஓங்கி வளர்ந்து, ஒரு விரல் உயரம்கூட இல்லாத தாயகச் செடிகளை நிழலில் மூடிக் கொன்றுவிடும். முதலில் ஒரு சிறு பகுதியில் மட்டும் வேலியிட்டு, வெளியே குறைவான ஆட்டு மேய்ச்சலைத் தொடர்ந்து, இரண்டையும் சில பருவங்கள் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. முயல்களைக் கட்டுப்படுத்துவதையும், தங்கப் பூப் பூக்கும் கோர்ஸ் புதரும் காட்டுப் பைன் கன்றுகளும் நுழையாமல் பிடுங்குவதையும் எந்த ஒப்பீட்டுக்கும் காத்திராமல் தொடங்கலாம்.

வேலியைவிட அவசரமானவை உரமும் நீரும். பாஸ்பரஸும் நீரும் கிடைத்த மறுபருவமே அந்த மேடு வேறொரு நிலமாகிவிடும். பிறகு எந்த வேலியாலும் அதை மீட்க முடியாது. ஆகவே அவரிடம் முதலில் கேட்க வேண்டியது இரண்டு: வானூர்தியிலிருந்து உரம் தூவும்போது அந்த மேட்டை விட்டுவிட முடியுமா, பக்கத்து வயலில் சுழலும் பாசனக் கையின் கடைசித் தெளிப்பான் மேட்டின் விளிம்புக்கு வரும்போது அணையும்படி அமைக்க முடியுமா. பாசனக் கையை நிறுவும் நிறுவனங்கள் அந்த அமைப்பைச் செய்து தருகின்றன. கூட்டத்துக்கு முன்பே விலையை விசாரித்து வைத்துக்கொண்டு போங்கள்.